கருவிக்கு விளக்கம் எழுதுதல்

சென்ற சித்திரைப் பௌர்ணமியன்று யாம் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்திற்கு அணித்தாகச் செங்கம் சாலையினின்று பிரியும் ஒரு சந்தில் உள்ள எம் பெரியம்மையார் இல்லத்தில் தங்கியிருந்தோம். அம்மையார்க்கு வயது 71. பல ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். எனினும் மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் வழியைப் பௌர்ணமிதோறும் கால்நடையாகவே கடப்பவர். வலம் முடியுமளவும் இரவுணவு கொள்ளாதவர். அன்று மாலை வழக்கம்போல் மாத்திரையை விழுங்கி, விரல்நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் இட்டார். அதன் முகத்தில் தோன்றிய எண்ணை வாசிக்க மூக்குக்கண்ணாடி அகப்படவில்லை. அம்மானியில் காணும் எண்கள் தாமே கைப்பேசிக்குச் சென்று சேருமாறு, அயல்நாட்டில் உள்ள அவர்தம் மைந்தர் ஏற்பாடு செய்திருந்தார். ஆதலின் கைப்பேசியையே நோக்கி, "என் சர்க்கரை எவ்வளவு? மலை சுற்றப் போகலாமா?" என்று வினவினார். "தங்கள் சர்க்கரை அளவு 148. அஞ்ச வேண்டுவதில்லை, தண்ணீர் உடன் எடுத்துச் செல்லுங்கள்" என்று அது இனிய குரலில் விடையிறுத்தது.

எமலிங்கத்தை அடையுமுன்னரே அம்மையார்க்கு உடல் வியர்த்துக் கை நடுங்கிற்று, பேச்சும் குழறிற்று. வழியோரத்துத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர், யாம் ஒன்றும் சொல்லாமலே நிலையை அறிந்து, மூன்று கரண்டி சர்க்கரை மிகுதியாகக் கலந்த தேநீரைக் கொணர்ந்து பருகுவித்தார். பௌர்ணமிதோறும் இத்தகையோரைக் கண்டு பழகியவர் போலும். கால் மணி நேரத்தில் தெளிவு பிறந்தது. இல்லம் திரும்பிக் கண்ணாடியைத் தேடி எடுத்து மானியை நோக்கினோம். மாலை 6 மணிக்கு அதிற் பதிவாகியிருந்த எண் 68.

நீரிழிவு உடையார்க்கு 70-க்குக் கீழ் இறங்குவது தாழ்சர்க்கரை என்பது மருத்துவர் கொண்டுள்ள வரம்பு. சர்க்கரையை இறக்கும் மாத்திரையை உண்டு, உணவை ஒத்திவைத்த ஒருவர், 68 என்னும் அளவோடு நெடுவழி நடக்கத் தொடங்குவது எத்துணை அபாயம் என்பதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்ஙனமாயின் 148 எங்கிருந்து வந்தது? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கைப்பேசியில் அவ்வேற்பாட்டைச் செய்துகொடுத்தவர், நம் கல்லூரியிற் பயின்று இப்பொழுது சென்னையில் கணிப்பொறித் தொழில் புரியும் பழைய மாணவர் ஒருவர். எம் தமையனார்க்கு நண்பர். செய்தி கேட்டு அடுத்த ஞாயிறன்றே ஓடிவந்தார். அவரும் யாமும் கூடத்தில் அமர்ந்து அவ்வேற்பாட்டை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தோம். அதிற் கண்டவற்றை நம் மாணவர்கட்கும், குறிப்பாக இத்தொழிலை மேற்கொள்ள விழைவார்க்கும், எடுத்துரைத்தல் நலமென்று எண்ணுகின்றோம்.

செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டு என்று இந்நாளில் வழங்கும் பொருளை யாம் ஈண்டுக் காரியஸ்தன் என்றே அழைப்போம். பண்ணைக்குக் காரியஸ்தன் எப்படியோ அப்படியே இதுவும்: எஜமானரின் வாய்ச்சொல்லைக் கேட்டு, எவரிடம் சென்று எதனைப் பெற்றுவரல் வேண்டும் என்று தானே தீர்மானித்துச் செய்து முடிப்பது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பண்ணைக் காரியஸ்தன் களஞ்சியத்துள் நுழைந்து நெல்லைக் கண்ணாற் காண்பான்; கையால் அள்ளியும் பார்ப்பான். இயந்திரக் காரியஸ்தனோ எதனையும் நேரிற் காண்பதில்லை. அதனிடம் சில கருவிகள் ஒப்படைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரிகளில் ஒரு விளக்கம், அதற்கு ஈயத்தக்க உள்ளீடுகளின் பட்டி ஆகிய இவற்றையே அது பெரும்பாலும் அறியும். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் ஆந்திராபிக் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டுப் பின்னர்ப் பலராலும் கைக்கொள்ளப்பட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொதுமுறையும், கருவியைக் காரியஸ்தனுக்கு இவ்வாறே அறிமுகம் செய்கிறது. கருவியின் உள்ளே எழுதப்பட்ட நிரல் அதற்குப் புலப்படாது. கடைவாயிலில் தொங்கும் பலகையை மட்டும் வாசித்து, உள்ளே என்ன விற்கிறது என்று முடிவுசெய்யும் வெளியூரானுடைய நிலையே அதன் நிலை.

பெரியம்மையார் கைப்பேசியில் இருந்த கருவியின் பெயர் 'சர்க்கரை'. அதன் விளக்கம் முழுவதும் ஒரே வரி: "பயனரின் சர்க்கரை அளவைத் தரும்." உள்ளீட்டுப் பட்டியில் 'நாட்கள்' என்று ஒன்று இருந்தது, வேறு குறிப்பில்லை. உள்ளே நிரல் செய்தது யாதெனின், நாட்களின் எண்ணிக்கை கூறப்படாவிடத்து 30 என்று தானே கொண்டு, அம்முப்பது நாட்களின் பதிவுகள் அனைத்தையும் கூட்டி வகுத்துச் சராசரியைத் தந்தது. 148 என்பது ஒரு திங்களின் சராசரி. காரியஸ்தன் பொய் கூறிற்றன்று. சர்க்கரை எவ்வளவு என்று கேட்கப்பட்டது. சர்க்கரை அளவைத் தரும் என்று எழுதிய கருவியை அழைத்தது. வந்த எண்ணை அப்படியே உரைத்தது. "ஐயா, இயந்திரம் பிழைத்தது என்றே எண்ணி வந்தேன். என் வரியைப் படிக்கும் எவரும் அப்பிழையைத்தான் செய்வர்" என்றார் நம் மாணவர். சராசரி என்பது அவர் மனத்தில் இருந்தது; ஏட்டில் இல்லை.

இம்மலையடி மௌனத்தால் உணர்த்துதற்குப் பேர்போன இடம். ஆயினும் 1902-ஆம் ஆண்டில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் வினாக்களோடு வந்தபொழுது, அந்நாளில் பேசாதிருந்த ரமணரும் விடைகளை எழுதியே காட்டினர் என்பது வரலாறு. உள்ளக்கிடக்கையை உணரும் மாணாக்கர்க்கே எழுத்து வேண்டியிருந்ததாயின், உள்ளமே இல்லாத இயந்திரத்திற்கு எழுதாது விட்டதனை உணர்த்தல் எங்ஙனம் கூடும்?

மேலும் துருவியவிடத்து வேறொரு விந்தை வெளிப்பட்டது. ஞாயிறுதோறும் அம்மையாரின் உடல்நிலையைச் சுருக்கி மைந்தர்க்கு மடல் விடுக்கும் பணியும் அக்காரியஸ்தனுக்கு இடப்பட்டிருந்தது. "தங்கள் தாயார் நாள்தோறும் நள்ளிரவை ஒட்டிச் சர்க்கரையைச் சோதிக்கின்றார்; இரவில் நேரங்கழித்து உண்கின்றார் போலும்" என்று மூன்று மடல்களில் அது எழுதியிருந்தது. அதுபற்றி மைந்தர் தொலைபேசியிற் கடிந்துகொண்டதும், மாலை ஆறரைக்கே கோதுமைக் கஞ்சி குடித்துவிட்டு எட்டு மணிக்கு உறங்கிவிடும் அம்மையார் காரணம் விளங்காது மனம் நொந்ததும் உண்டு. நடந்தது இது: அம்மையார் காலை 5 மணிக்கு எழுந்து சோதிப்பவர். கருவியோ நேரத்தைக் கிரீனிச்சு முறையிற் குறித்துத் தந்தது. நம் நாட்டு நேரம் அதனினும் ஐந்தரை மணி முற்பட்டது. ஆகவே காலை 5 மணி என்பது முந்தின நாள் இரவு 11.30 ஆயிற்று. நேரம் மாறியதனால் பொருளும் மாறிற்று. வெறும் வயிற்றில் 138 என்பது மருத்துவர் சற்றே புருவம் நெரிக்கத்தக்க அளவு; உண்டபின் 138 என்பது மகிழத்தக்க அளவு. ஐந்தரை மணி நேரம் என்று ஒரு சொல் விளக்கத்தில் இல்லாமையால், ஒரு நோயாளியின் காலைப்பொழுது முழுதும் இரவாகிவிட்டது.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசினர் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின் ஊழியராகிய பெண்மணி ஒருவர் அவ்வில்லத்திற்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துச் செல்வதுண்டு. கூடத்து மாடத்தில் உள்ள ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் அவர் எண்ணை எழுதுவதோடு, அதன் பக்கத்தில் "வெறும் வயிறு" என்றோ "சாப்பாட்டுக்குப் பின்" என்றோ தவறாது எழுதிவைத்திருந்தார். நாற்பது பக்கப் புத்தகத்தில் இருந்த இவ்வறிவு, ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் கைப்பேசியில் இல்லாமற் போயிற்றே என்று யாம் வியந்தோம்.

அலகின் செய்தி இதனினும் நுட்பமானது. ரமணாசிரமப் பகுதி பன்னாட்டாரும் வந்து தங்கும் இடம். அவ்வில்லத்து மாடியில் ஆஸ்திரேலிய நாட்டு மூதாட்டியார் ஒருவர் சில ஆண்டுகளாகக் குடியிருக்கின்றார். அவரும் நீரிழிவு உடையவர். பெரியம்மையாரின் கைப்பேசியைக் கண்டு தமக்கும் அவ்வேற்பாட்டை வேண்டிப் பெற்றிருந்தார். அவர் தம் நாட்டினின்று கொணர்ந்த மானி காட்டும் எண் 7.2. நம் நாட்டில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று அளக்கின்றோம். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் ஒரு லிட்டரில் இத்தனை மில்லிமோல் என்று அளக்கின்றனர். அவர்தம் எண்ணை 18-ஆற் பெருக்கினால் நம் எண் ஏறக்குறைய வரும். நீரிழிவு என்று துணிதற்கு வெறும் வயிற்றளவின் வரம்பு நமக்கு 126, அவர்கட்கு 7.0. இரண்டும் ஒன்றே.

7.2 என்னும் எண்ணைச் சர்க்கரை அளவாக நம்மூர் வழக்கிற் கொண்டால், அவ்வளவோடு ஒருவர் பேசிக்கொண்டிருத்தல் இயலாது என்பது எவர்க்கும் தோன்றும். ஆகவே பிழை உடனே அகப்பட்டுவிடும் என்று எண்ணலாம். உண்மை அவ்வாறன்று. மூன்று திங்களின் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி என்னும் சோதனையின் அளவும் இதுபோன்றே 6, 7, 8 என்று நூற்றுவீதத்தில் வருவது. காரியஸ்தன் 7.2 என்பதனை அச்சோதனையின் நூற்றுவீதம் என்று கருதிக்கொண்டது. எச்.பி.ஏ.1.சி 7.2 எனில் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 160, 7.2 மில்லிமோல் எனில் 130. பொருந்தாத எண்ணாயின் எவரும் ஐயுறுவர். பொருந்துவது போன்ற எண் ஐயத்தை எழுப்புவதில்லை. மெட்ரிக் முறை வருமுன் நம் மாகாணத்தில் ஊருக்கொரு படியும் மரக்காலும் வழங்கின. நெல் வாங்கச் செல்வோர் எந்தப் படி என்று கேளாது விலை பேசியதில்லை. அக்கேள்வியைக் காரியஸ்தன் கேட்பதில்லை. விளக்கம் எழுதுவோன் கேளாமலே சொல்லிவிடல் வேண்டும்.

மருத்துவச் சோதனைகளுக்கு உலகப் பொதுவான குறியெண்கள் இல்லாமலில்லை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து ரீகன்ஸ்ட்ரீஃப் நிலையத்தார் 1994-இல் தொடங்கிய லாயிங்க் என்னும் குறியீட்டு முறையில், வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ஓர் எண்ணும், நேரம் குறியாத சர்க்கரைக்கு வேறோர் எண்ணும், எச்.பி.ஏ.1.சி-க்குப் பிறிதோர் எண்ணும் உள. கருவி தரும் ஒவ்வோர் அளவோடும் இக்குறியெண்ணையும் அலகையும் சேர்த்தே தந்தால், ஊகத்திற்கு இடம் பெரிதும் குறையும். நம் மாணவர் இதனை அறிந்திருந்தும் "வீட்டு உபயோகத்திற்குத்தானே" என்று விட்டுவிட்டார்.

இன்னும் ஒன்று. சர்க்கரை மிகவும் தாழ்ந்து மானியின் அளவெல்லைக்குக் கீழே போய்விட்டால், அது எண்ணைக் காட்டாது 'லோ' என்னும் எழுத்துக்களைக் காட்டும். எண்ணை மட்டும் எதிர்பார்க்கும் நிரல் அதனைப் பெற்றால் யாது செய்யும்? நம் மாணவரின் நிரல் அதனைப் பதிவே இல்லையென்று தள்ளிவிட்டது. உயிர்க்கு இறுதி நேரக்கூடிய வேளையில், "இன்று தாங்கள் சோதிக்கவில்லை" என்று காரியஸ்தன் மொழியும். அப்படி ஒருபொழுதும் நேரவில்லை. நேராதிருந்தது நம் நற்காலம்.

இவற்றையெல்லாம் கண்டபின் விளக்கத்தைப் புதிதாக எழுதப் புகுந்தோம். சூடுகண்ட நம் மாணவர் முதலில் மூன்று பக்கம் எழுதிக்கொணர்ந்தார். வரிக்கு வரி "கண்டிப்பாக", "எக்காரணம் பற்றியும்", "மிக முக்கியம்" என்னும் சொற்கள். அதுவும் பயன்படவில்லை. காரியஸ்தன் ஒவ்வொரு முறையும் எல்லாக் கருவிகளின் விளக்கங்களையும் வினாவோடு சேர்த்தே கருத்திற் கொள்கிறது. அவை நீளுந்தோறும் வேண்டியது வேண்டாததனுள் மறைந்துபோகிறது. எல்லாம் மிக முக்கியமெனின் எதுவும் முக்கியமன்று. வீட்டிற்குப் புதிதாக வந்த வேலையாளிடம் முதல்நாளே நூறு எச்சரிக்கைகளை அடுக்கினால் அவன் அடுப்பைப் பற்றவைக்கவும் அஞ்சுவான்.

பின்னர், ஒரு கருவியையே மூன்றாகப் பிரித்தார்: கடைசி அளவு ஒன்று, பட்டியல் ஒன்று, சராசரி ஒன்று. பாதிக் குழப்பம் இப்பிரிவினாலேயே தீர்ந்தது; நல்ல பெயரே நல்ல விளக்கத்தின் முதல் வரி என்பதனை யாம் கண்டோம். முதற் கருவிக்கு எழுதி முடித்த விளக்கம் வருமாறு:

"சர்க்கரை_கடைசி_அளவு: குளுக்கோமீட்டரில் கடைசியாகப் பதிவான ஒரே ஓர் அளவைத் தரும், சராசரி தராது. 'இப்பொழுது எவ்வளவு', 'இன்று எவ்வளவு' என்னும் வினாக்களுக்கு இதனைக் கொள்க. பல நாட் பதிவுகளுக்குச் சர்க்கரை_பட்டியல், சராசரிக்குச் சர்க்கரை_சராசரி என்பவற்றைக் கொள்க. தருவன: எண், அலகு (மானியின் அலகே, மாற்றப்படாதது), சோதித்த நாளும் நேரமும் (இந்திய நேரம்), உணவுநிலை (வெறும் வயிறு, உணவுக்கு முன், உணவுக்குப் பின், தெரியாது என்பவற்றுள் ஒன்று). 'தெரியாது' எனின் நேரத்தைக் கொண்டு ஊகிக்காது பயனரைக் கேட்க. எண்ணுக்குப் பதிலாக 'மிகத் தாழ்வு' அல்லது 'மிக உயர்வு' என வரலாம். அது மானியின் எல்லை கடந்த அபாய நிலை, சோதனை இன்மை அன்று. சோதனையே இல்லையேல் 'பதிவில்லை' என வரும். விடையில் சோதித்த நேரத்தையும் சேர்த்துக் கூறுக. படிக்க மட்டும், எதனையும் மாற்றாது."

இதன்கண் ஒரு வரியேனும் மருத்துவ அறிவுரை இல்லை என்பதனை வாசகர் நோக்குக. 70-க்குக் கீழாயின் என்ன செய்தல் வேண்டும் என்பது கருவியின் விளக்கத்தில் இருத்தற்குரியதன்று. அது மருத்துவர் வகுத்து வேறிடத்தில் வைக்க வேண்டிய நெறி. கருவி தான் யாது, எதனைத் தரும், எதனைத் தாராது என்று கூறி நிற்றலே அதற்கு அழகு.

இதனை அம்மையாரின் வாய்ச்சொற்களைக் கொண்டே சோதித்தோம். நம் மாணவர் தாம் எழுதிவந்த வினாக்கள் யாவும் "மே 3 முதல் 9 முடிய" என்னும் பாங்கில் இருந்தன. அம்மையார் ஒருநாளும் அவ்வாறு கேட்பவரல்லர். "போன அமாவாசைக்கு எவ்வளவு இருந்தது?" "கிருத்திகைக்கு விரதம் இருந்தேனே, அன்றைக்கு?" என்பன அவர் கேள்விகள். முதல் வினாவுக்குக் காரியஸ்தன் துணிவோடு ஒரு தேதியை ஊகித்து, இரண்டு நாள் பிழைத்தது. பட்டியற் கருவியின் விளக்கத்தில், "தேதி ஆண்டு-மாதம்-நாள் என்னும் வரிசையில் ஈக, பயனர் திதி அல்லது பண்டிகையைக் கூறின் நாட்காட்டிக் கருவியைக் கொண்டு தேதியை அறிக, அறியவியலாவிடில் கேட்க" என்று சேர்த்தபின் அது திருந்திற்று. கருவி எவர்க்காக ஆக்கப்பட்டதோ அவர் பேசும் முறையை அறியாது விளக்கம் எழுதப் புகுதல், பாடத்தை அறிந்து மாணவரை அறியாத ஆசிரியரின் செயலையொக்கும். எம் தொழிலும் அதுவாகலின் இதனைச் சற்றே வெட்கத்தோடு எழுதுகின்றோம்.

இனிக் கூறப்போவது யாம் எதிர்பாராதது. மைந்தர்க்கு வாரமடல் எழுதும்பொழுது காரியஸ்தன் அழைத்த கருவி வேறொன்று. 'உடல்நலக்_குறிப்புகள்' என்பது அதன் பெயர். "பயனரின் உடல்நலக் குறிப்புகள் அனைத்தையும் தரும்" என்பது விளக்கம். எம் பெரியப்பா காலமானபின் சில திங்கள் அம்மையார் உறக்கத்திற்காக மருத்துவரிடம் மாத்திரை பெற்று உண்டு வந்தார். மைந்தர் அயலூரில் இருந்து கவலுவாரே என்று அதனை அவர்க்குக் கூறவில்லை, எமக்கும் தெரியாது. ஒரு மடலில் அதனையும் காரியஸ்தன் பணிவோடு குறித்தனுப்பியிருந்தது. "அவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யாரோ சொல்லிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டாரோடுகூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டேன், அப்பா" என்றார் அம்மையார். மயங்கி விழ இருந்ததனை அவர் நகைத்துக்கொண்டே கூறியவர். இதனைக் கூறும்பொழுது நகைக்கவில்லை.

'அனைத்தையும்' என்னும் ஒரு சொல்லே இதற்கு வாயில். சர்க்கரையைப் பற்றி மைந்தர்க்கு எழுதுதல் வேண்டுமெனின், சர்க்கரையை மட்டும் தரும் கருவி போதும். 2023-ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்திற்கு வேண்டிய அளவே இசைவு செல்லும் என்று வகுக்கின்றது. அவ்விசைவை வேண்டும் அறிவிப்பை, ஆங்கிலத்திலேனும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலேனும் காணும் வாய்ப்பை உரியவர்க்கு அளித்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்னும் ஏற்பாட்டிலும், ஒருவர் குறிப்பை மற்றொருவர் பெறுதற்கு முன், எந்நோக்கத்திற்கு, எவ்வகைக் குறிப்பு, எக்காலத்தது, எந்நாள்வரை என்பன குறித்த இசைவுச்சீட்டு வேண்டப்படுகிறது. ஒரு குடும்பத்துள் தாய்க்கும் மகனுக்கும் இடையே சட்டம் எதற்கு என்பார் உளர். மகன் அன்பன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எதனைச் சொல்வது, எதனைச் சொல்லாது விடுவது என்னும் உரிமை தாய்க்கே உரியது; அதனைக் கேளாமலே ஒரு சொல் பறித்துக்கொண்டது.

நம் மாணவர் உடனே, "உறக்க மாத்திரையைப் பற்றி மடலில் எழுதற்க" என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்க்கப் போனார். யாம் தடுத்தோம். விளக்கம் என்பது பலகை, பூட்டு அன்று. காரியஸ்தன் நூறு முறை அவ்வரிக்கு அடங்கி நூற்றோராம் முறை பிழைக்கலாம். தரலாகாத குறிப்பைக் கருவியே தாராதிருக்குமாறு நிரலில் அமைத்தல் வேண்டும். அதன்பின் விளக்கத்தில், "சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மட்டும் தரும்" என்று உள்ளதை உள்ளவாறு எழுதுதல் வேண்டும். மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில் ஒரு கருவி படிக்க மட்டுமேயா, அன்றி எதனையேனும் மாற்றவோ அழிக்கவோ வல்லதா என்று குறித்தற்கும் இடமுண்டு. அதுவும் குறிப்பேயன்றிக் காவலன்று. 2025-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வேறொரு சூழ்ச்சியையும் எடுத்துக்காட்டினர்: அயலார் எழுதிய கருவியின் விளக்கத்துள்ளேயே தீய கட்டளைகளை மறைத்துவைத்தால், காரியஸ்தன் அவற்றை எஜமானர் சொல்லென்று மயங்கிச் செய்துவிடலாம். ஆகவே பிறர் கருவியைக் கொள்வோர் அதன் விளக்கத்தை முற்றும் வாசியாது கொள்ளலாகாது.

எல்லாம் எழுதி முடித்தபின் அவ்விளக்கங்களை அம்மையார்க்கு உரக்க வாசித்துக் காட்டினோம். இயந்திரத்திற்கு எழுதியதனை இவர்க்கு வாசிப்பானேன் என்று நம் மாணவர்க்கு ஐயம். தம்மைப் பற்றிய குறிப்பை எடுப்பதும் கொடுப்பதும் இன்னவென்று உரியவர் கேட்டறிதல் முறையென்றே யாம் அதனைச் செய்தோம். வேறு பயனை எதிர்பார்க்கவில்லை. அம்மையார் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். "வெறும் வயிறு" என்னும் இடத்தில் கையை உயர்த்தினார்.

"காப்பி குடித்தால் வெறும் வயிறுதானே?"

யாம் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். அம்மையார் நாலரை மணிக்கு எழுந்து, பாலும் சர்க்கரையும் இட்ட காப்பியைப் பருகிவிட்டு, 5 மணிக்கு விரலைக் குத்துபவர். மருத்துவர் கருதும் வெறும் வயிறு என்பது, தண்ணீரையன்றி வேறொன்றும் கொள்ளாது எட்டு மணி நேரமேனும் கழிந்த நிலை. நோட்டுப் புத்தகத்து ஊழியரும், மாத்திரையின் அளவைக் கூட்டிய மருத்துவரும், மைந்தரும், காரியஸ்தனும், யாமும் ஆகிய எல்லோரும் இத்தனை காலம் வெறும் வயிற்றளவு என்று கொண்டது காப்பிக்குப் பின்னதே. நேரத்தின் பிழையைத் திருத்தி நள்ளிரவை விடியலாக்கியும் இது வெளிப்படவில்லை. "வெறும் வயிறு: கடந்த 8 மணி நேரத்தில் தண்ணீர் தவிர எதுவும் கொள்ளாதது, காப்பி, தேநீர், கஞ்சி குடித்தபின் எடுத்தது அன்று" என்று நம் மாணவர் அப்பொழுதே விளக்கத்திற் சேர்த்தார். மறுவாரம் அம்மையார் காப்பிக்கு முன் சோதித்த எண்களோடு மருத்துவரிடம் சென்றார். மாத்திரையின் அளவு குறைக்கப்பட்டது.

அடுத்த பௌர்ணமி மாலையில் தொலைபேசியில் விசாரித்தோம். "மாலை 5.50-க்குச் சோதித்தது 112, உணவுக்கு முன்" என்று கைப்பேசி கூறிற்றாம். இம்முறை கண்ணாடியைத் தாலிச் சரட்டோடு கட்டாத குறையாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மானியையும் ஒருமுறை தாமே பார்த்துவிட்டு, இரண்டு இட்டிலியும் உண்டபின்னரே புறப்பட்டதாகச் சொன்னார்.